மூச்சை இழுத்துப் பிடிங்க

அக்கா பொண்ணு ஸ்கூல் முடிக்கற வருஷம் இது. போன வாரம் ராத்திரி போன் பண்ணி, "சித்தி, நீங்க படிச்ச எக்ஸ்-ரே கோர்ஸையே நானும் எடுக்கலாமான்னு பாக்கறேன், ஆனா அம்மா அது பட்டனை அமுக்கற வேலைதானே, அதுக்கு எதுக்குடி மூணு நாலு வருஷம்னு கேக்கறாங்க"ன்னு சொன்னா. அக்கா மேல எனக்கு கோபம் இல்ல. வெளியில இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். உள்ள கூப்பிடறாங்க, பலகையில நெஞ்சை ஒட்டி நிக்க சொல்றாங்க, மூச்சைப் பிடிங்கன்னு ஒரு குரல், டக்னு ஒரு சத்தம், முடிஞ்சுது, டிரெஸ் மாத்திக்கிட்டு போங்க. மொத்தம் ரெண்டு மூணு நிமிஷம். நான் ரேடியோகிராஃபரா, அதாவது எக்ஸ்-ரே, ஸ்கேன் படம் எடுக்கறவளா, வேலைக்கு வந்து 14 வருஷம் ஆகுது, அந்த ரெண்டு மூணு நிமிஷத்தை போன்ல அவளுக்கு விளக்க முடியல, அதான் உக்காந்து எழுதறேன், இதே கேள்வியோட இருக்கற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல்ல அந்த பட்டன். நெஞ்சு எக்ஸ்-ரேல கதிர் வெளிய வர்ற நேரம் ஒரு செகண்டுல நூத்துல சில பங்கு, கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். பட்டன் வேலை அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் அதுக்கு முன்னாடி. கதிர் வர்ற டியூபுக்கும் பலகைக்கும் நடுவுல 180 சென்டிமீட்டர் தூரம் வைக்கறோம், ஏன்னா கிட்ட இருந்து எடுத்தா இதயத்தோட நிழல் பெருசா விழும், டாக்டர் பாத்துட்டு இதயம் வீங்கியிருக்கோன்னு நினைப்பார். முதுகு பக்கம் இருந்து கதிர் விடறதும் அதுக்குத்தான், இதயம் நெஞ்சுக்கு முன்பக்கம் இருக்கு, அது பலகைக்கு கிட்ட இருந்தா கிட்டத்தட்ட நிஜ அளவுல விழும். கையை இடுப்புல வைக்க சொல்லி தோளை முன்னாடி உருட்டறோம், இல்லன்னா தோள்பட்டை எலும்பு ரெண்டும் நுரையீரல் மேல வந்து உக்காந்துக்கும், அதுக்கு அடியில ஒரு சின்ன கட்டி இருந்தா மறைஞ்சு போகும். மூச்சை நல்லா இழுக்க சொல்றது, படத்துல உதரவிதானத்துக்கு மேல பின்பக்க விலா எலும்பு 9, 10 வரைக்கும் தெரியணும்னுதான். அரைகுறையா இழுத்தா நுரையீரலோட அடிப்பகுதி நசுங்கி வெள்ளையா தெரியும், நிமோனியா மாதிரியே இருக்கும். ஆள் லேசா திரும்பி நின்னா கழுத்து எலும்பு ரெண்டும் நடுக்கோட்டுல இருந்து வேற வேற தூரத்துல விழும், அப்போ ஒரு பக்க நுரையீரல் இன்னொண்ணை விட கருப்பா காட்டும், அதுவும் வியாதி மாதிரி தெரியும். நாம சரியா நிறுத்தலன்னா, இல்லாத வியாதி படத்துல வரும், இருக்கற வியாதி காணாம போகும்.

இதெல்லாம் நிக்க முடிஞ்சவங்களுக்கு. முதுகு கூன் விழுந்த பாட்டி வீல் சேர்ல வருவாங்க, காது சரியா கேக்காது, மூச்சு வாங்கும், கை தூக்கினா வலிக்கும், தாடை நெஞ்சு மேலயே உக்காந்திருக்கும், அது நுரையீரலோட மேல் நுனியை மறைச்சிடும். புக்குல இருக்கற பொசிஷன் எதுவும் அவங்களுக்கு வராது. கீழ உக்காந்து அவங்க கண்ணைப் பாத்து பேசணும், நான் முதல்ல செஞ்சு காட்டணும், டியூபை எவ்வளவு சாய்ச்சா அந்த கூனுக்கு ஈடு ஆகும்னு கணக்கு போடணும், அவங்க மூச்சு ஏறி இறங்கறதை வயித்துல பாத்துக்கிட்டே இருந்து, சொல் கேட்டு பிடிக்க மாட்டாங்கன்னா தானா இழுக்கற உச்சியில எக்ஸ்போஷர் விடணும். இதை எந்த மெஷினும் சொல்லித் தராது. பக்கத்துல நின்ன ஒரு சீனியர்தான் எனக்கு சொல்லித் தந்தார், அதுவும் வாயால இல்ல, பல தடவை செஞ்சு காட்டி.

அதனால அவகிட்ட நான் சொல்ல நினைச்ச விஷயம் ஒண்ணுதான். இந்தப் படிப்புல மெஷின் கத்துக்கறது சின்ன பங்கு, மனுஷனை நிறுத்த, படுக்க வைக்க, பேச, தொட கத்துக்கறதுதான் பெரிய பங்கு. இது பிடிக்கும்னா வா, மெஷின் மட்டும்தான் பிடிக்கும்னா அதுக்கு வேற நல்ல படிப்பு இருக்கு.

படிப்புன்னு பாத்தா சில நாட்டுல ரெண்டு வருஷ டிப்ளமோவும் இருக்கு, நிறைய இடத்துல மூணு இல்ல நாலு வருஷ டிகிரி. பாதிப் பேர் பயப்படறது பிசிக்ஸுக்கு. டியூபுக்குள்ள எலக்ட்ரான் போய் டங்ஸ்டன்ல மோதறதுல போற சக்தியில 99 சதவீதம் சூடாவே போயிடும், 1 சதவீதம்தான் எக்ஸ்-ரே ஆகுது, இதைப் படிக்கும்போது எனக்கு என்ன உபயோகம்னு தோணுச்சு. வேலைக்கு வந்தப்புறம் தெரிஞ்சுது, எலக்ட்ரான் மோதற அந்த டங்ஸ்டன் தட்டு, அனோடு, ஏன் சுத்துது, காலையில வந்ததும் டியூபை ஏன் மெதுவா சூடாக்கணும், குண்டா இருக்கறவங்களுக்கு கேவி (கதிரோட ஊடுருவற சக்தி) ஏத்தறதா எம்ஏஎஸ் (கதிரோட அளவு) ஏத்தறதா, எல்லாத்துக்கும் அந்த பாடம்தான் அடி. கேவியை 15 சதவீதம் ஏத்தினா எம்ஏஎஸ்ஸை டபுள் ஆக்கின மாதிரி படம் கருக்கும்னு ஒரு விதி இருக்கு, அதை பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணினவங்களுக்கும் புரிஞ்சு வெச்சிருக்கறவங்களுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்சிடென்ட் கேஸ் வரும்போது வித்தியாசம் தெரியும்.

அனாட்டமி அதை விட முக்கியம். ஒரு உதாரணம், கீழ விழும்போது கையை ஊனி விழுந்தவங்க மணிக்கட்டு வலிக்குதுன்னு வருவாங்க. கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டுன்னு ஒரு சின்ன எலும்பு, முந்திரிப் பருப்பு மாதிரி வளைஞ்சு இருக்கும். சாதாரணமா கையை நேரா வெச்சு எடுத்தா அது மடங்கி குட்டையா விழும், விரிசல் தெரியாது. கையை சுண்டுவிரல் பக்கமா திருப்பி எடுத்தாதான் அது நீண்டு முழுசா தெரியும். இதுல பெரிய சிக்கல், அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து நுனியில இருந்து உள்ள போகுது, நடுவுல உடைஞ்சதை கவனிக்காம விட்டா முன்கை பக்கத்து துண்டு ரத்தம் போகாம செத்துடலாம். முதல் நாள் படத்துல ஒண்ணும் தெரியாம 10, 14 நாள் கழிச்சு எடுத்தா தெரியறதும் உண்டு. ஃபாரம்ல வெறும் "மணிக்கட்டு"ன்னுதான் எழுதியிருக்கும். கட்டைவிரல் அடியில குழியில தொட்டா வலிக்குதான்னு கேட்டு, டாக்டருக்கு போன் போட்டு, ஸ்கேஃபாய்டு வியூவும் சேர்த்து எடுக்கட்டுமான்னு கேக்கறது ரேடியோகிராஃபர். இதை பட்டன் அமுக்கற வேலைன்னு எப்படி சொல்றது.

நான் பண்ணின தப்பு ஒண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா அது இன்னும் ராத்திரியில ஞாபகம் வரும். படிக்கும்போது ரெண்டாவது வருஷ போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி பயிற்சி, கூட்டமான காலை நேரம். வலது இடது காட்டறதுக்கு ஈயத்துல செஞ்ச மார்க்கரை படம் எடுக்கும்போதே பலகையில ஒட்டணும், அதுதான் சரி. நான் அவசரத்துல ஒட்டாம, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஆர் போட்டுக்கலாம்னு விட்டேன், ஸ்கிரீன்ல படம் திரும்பி இருந்ததை பாக்கல, தப்பு பக்கத்துல ஆர் போட்டுட்டேன். இதயம் வலது பக்கம் இருக்கற மாதிரி ஒரு நெஞ்சு படம் போச்சு. சீனியர் அதைப் பாத்துட்டு என்கிட்ட கோபப்படாம ஒரே ஒரு கேள்வி கேட்டார், "இவருக்கு நிஜமாவே இதயம் வலது பக்கம் இல்லன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" அப்படிப் பிறக்கறவங்க உண்டு, அதனால சும்மா படத்தை திருப்பிப் போட்டு அனுப்ப முடியாது. நான் காரிடார்ல ஓடிப் போய் அந்த ஐயாவை லிஃப்ட் வாசல்ல பிடிச்சு, மன்னிப்பு கேட்டு திரும்ப கூட்டிட்டு வந்து, மார்க்கர் ஒட்டி இன்னொரு தடவை எடுத்தோம். இன்னொரு தடவை கதிர் வாங்க வெச்சேன். அவருக்கு ஒரு பக்க நுரையீரல் சுருங்கி அதை சுத்தி காத்து நிறைஞ்சிருந்து, டாக்டர் அந்தப் படத்தை நம்பி காத்தை வெளிய எடுக்கற டியூபை தப்பு பக்கத்துல போட்டிருந்தா? அன்னையில இருந்து மார்க்கர் என் பாக்கெட்லயே இருக்கும், அதுல என் பேரோட முதல் எழுத்தும் இருக்கு.

ரேடியேஷன் பயம், அக்காவோட அடுத்த கேள்வி அதுதான். பயம் வந்ததுக்கு காரணம் இருக்கு. 1895 நவம்பர் 8ல ரான்ட்ஜென் எக்ஸ்-ரேயை கண்டுபிடிச்சார், சில வாரத்துல மனைவியோட கையை படம் எடுத்தார், விரல்ல மோதிரத்தோட எலும்பு மட்டும் தெரியற அந்த படத்தை நிறைய பேர் பாத்திருப்பீங்க. அடுத்து வந்தவங்க டியூபை டெஸ்ட் பண்ண சொந்தக் கையையே வெச்சுப் பாத்தாங்க. எடிசன் லேப்ல வேலை பாத்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் கைகளை இழந்து 1904ல இறந்து போனார். இன்னைக்கு நாங்க வாங்கற கதிரை அளக்கற பேட்ஜ் போட்டுக்கிட்டு, ஈயக் கண்ணாடிக்கு பின்னாடி நின்னு வேலை பாக்கறதுக்கு அவங்க பட்ட கஷ்டம்தான் காரணம், நவம்பர் 8 உலக ரேடியோகிராஃபி தினம்னு வரும்போது நான் ரான்ட்ஜெனை விட டாலியைத்தான் அதிகம் நினைப்பேன். இப்ப சர்வதேச அளவுல பரிந்துரைக்கற வரம்பு, இந்த வேலை செய்யறவங்களுக்கு 5 வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லிசீவெர்ட், உடம்பு வாங்கற கதிரை அளக்கற அளவு அது. பூமியில இருந்தும் வானத்துல இருந்தும் எல்லாருக்குமே உலக சராசரியா வருஷத்துக்கு 2, 3 மில்லிசீவெர்ட் கிட்ட வருது. என் பேட்ஜ்ல பெரும்பாலான மாசம் அளக்கற அளவுக்கே எதுவும் வராது. ரெண்டு மடங்கு தூரம் தள்ளி நின்னா டோஸ் நாலுல ஒரு பங்கு ஆகிடும், இந்த ஒரு கணக்கை உடம்புல ஏத்திக்கிட்டா போதும், கால் தானா பின்னாடி போகும். கர்ப்பமானா உடனே எழுத்துல தெரிவிக்கணும், குழந்தைக்கு 1 மில்லிசீவெர்ட் தாண்டாதபடி வேலையை மாத்திக் கொடுக்கணும், இதைக் கேக்க யாரும் கூச்சப்பட வேண்டாம். கவனமா இருக்க வேண்டியது இதய ரத்தக்குழாய் பாக்கற கேத் லேப்லயும், சி-ஆர்ம்னு நகர்த்தற எக்ஸ்-ரே மெஷின் இருக்கற ஆபரேஷன் தியேட்டர்லயும், அங்க கதிர் வரும்போது நாமளும் பேஷண்ட் பக்கத்துலயே நிக்கறோம், ஏப்ரன், தைராய்டு காலர், கண்ணாடி எதையும் விடக்கூடாது.

எக்ஸ்-ரே அடிப்படை, அதுக்கப்புறம் எந்த பக்கம் போறதுன்னு அவங்கவங்க குணத்தைப் பொறுத்தது. சிடி வேகமான இடம். 1971ல லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்ட் மெஷின்ல முதல் பேஷண்டோட மூளையை எடுத்தப்போ ஸ்கேனுக்கே நிமிஷக் கணக்குல ஆச்சு, இப்ப நெஞ்சு முழுக்க சில செகண்டு. அவர் பேர்லயே அளவு இருக்கு, தண்ணி 0, காத்து மைனஸ் 1000, இதை வெச்சு ஸ்கிரீன்ல தெரியறது கொழுப்பா, தண்ணியா, புது ரத்தமான்னு பாக்கலாம். சிடில என் மனசுக்கு முக்கியமான வேலை கான்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவா தெரியறதுக்கு போடற ஊசி மருந்து, போடறதுக்கு முன்னாடி பேசற அந்த அரை நிமிஷம். அது உள்ள போனதும் உடம்பு முழுக்க சூடு பரவும், வாயில இரும்பு மாதிரி ருசி வரும், யூரின் போயிட்ட மாதிரியே தோணும், ஆனா போயிருக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டா அசையாம படுத்திருப்பாங்க. சொல்லலன்னா பதறி எழுந்துப்பாங்க, ஸ்கேன் வீண், மருந்தும் வீண், கிட்னி ஏற்கனவே சரியில்லாதவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

எம்ஆர்ஐல கதிர் பயம் இல்ல, அதனால அலட்சியம் வருது, அதுதான் அங்க ஆபத்து. 1.5 டெஸ்லா காந்தம்னா பூமியோட காந்தத்தை விட சுமார் 30,000 மடங்கு, ஸ்கேன் ஓடாத நேரத்துலயும், ராத்திரி லைட் அணைச்சப்புறமும் காந்தம் ஆன்லதான் இருக்கு. இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் உள்ள போனா ராக்கெட் மாதிரி பறக்கும், உள்ள படுத்திருக்கறவங்க மேலதான் போய் மோதும். பேஸ்மேக்கர் இருக்கான்னு கேக்கறதோட நிக்காம வெல்டிங், கிரைண்டிங் வேலை செஞ்சிருக்கீங்களான்னும் கேக்கணும், கண்ணுக்குள்ள இருக்கற இரும்புத் துகள் அசைஞ்சா பார்வையே போயிடலாம். ஒரே கேள்வியை நாலு விதமா கேக்கற பொறுமை இருக்கறவங்களுக்கு எம்ஆர்ஐ பொருந்தும்.

அல்ட்ராசவுண்டை சில நாட்டுல சோனோகிராஃபர்கள் பண்றாங்க, சில நாட்டுல டாக்டர் மட்டும்தான் பண்ணலாம், சேர்றதுக்கு முன்னாடி இதை விசாரிச்சுக்கணும். கையும் கண்ணும் ஒண்ணா ஓடற வேலை, தோள் வலி கழுத்து வலி நிறைய பேருக்கு வருது, மெஷினையும் ஸ்டூலையும் சரியான உயரத்துல வைக்கறதை முதல் நாளே பழகிக்கோங்க. நியூக்ளியர் மெடிசின், அதாவது கதிர் வீசற மருந்தை உடம்புக்குள்ள கொடுத்து படம் எடுக்கறது, முழுக்க நேரக் கணக்கு, டெக்னீஷியம் 6 மணி நேரத்துல பாதி ஆகும், பெட் ஸ்கேனுக்கு போடற ஃப்ளோரின் 110 நிமிஷத்துல பாதி, பேஷண்ட் லேட்டா வந்தா மருந்து காத்திருக்காது. கேன்சருக்கு கதிர் சிகிச்சை கொடுக்கற ரேடியோதெரபிக்கு போனவங்க எங்களை மாதிரி இல்ல, வாரத்துல 5 நாள், பல வாரம் அதே பேஷண்டைப் பாக்கறாங்க, அவங்க வீட்டு கதை எல்லாம் தெரிஞ்சிருக்கும், ஒருநாள் வரலன்னா மனசு அடிச்சுக்கும்.

இமேஜிங் பிடிக்கலன்னா கதவு மூடிடல. கிட்னி வேலை செய்யாதவங்க ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ற டயாலிசிஸ் டெக்னாலஜி இருக்கு, அங்க என் தோழி வேலை பாக்கறா. ஒரு பேஷண்டுக்கு 4 மணி நேரத்துல கிட்டத்தட்ட 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுது, அந்த தண்ணி ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் அவங்க ரத்தத்தை ஒட்டியே போகுது, அதுல குளோரமின், அதாவது குழாய் தண்ணியில கிருமி கொல்ல போடற மருந்து, மிச்சம் இருந்தா ரத்த அணு உடைஞ்சு போகும். காலையில முதல் ஆளை படுக்க வைக்கறதுக்கு முன்னாடி தண்ணியை டெஸ்ட் பண்ணி கையெழுத்து போடறது அவ. பெர்ஃப்யூஷனிஸ்ட் இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் நடக்கும்போது பம்பை ஓட்டறவங்க, அந்த நேரத்துல பேஷண்டோட இதயமும் நுரையீரலும் அவங்க கையிலதான். மயக்க மருந்து டெக்னாலஜி, லேப், ஈஈஜி, கார்டியாக், ஒவ்வொண்ணும் தனி உலகம். வெளியில யாருக்கும் பேரே தெரியாது. ஆஸ்பத்திரியில டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவுல இவ்வளவு பேர் இருக்காங்கன்னு ஸ்கூல்லயே யாராவது பசங்களுக்கு சொல்லணும்.

காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது பளபளன்னு மெஷின் போட்டோ காட்டுவாங்க, அதைப் பாத்து ஏமாறாதீங்க. கிளினிக்கல் போஸ்டிங் எத்தனை மணி நேரம், நாங்களே பொசிஷன் பண்ணலாமா இல்ல ஓரமா நின்னு பாக்கணுமா, ஒரு சீனியருக்கு எத்தனை ஸ்டூடன்ட், ஸ்டூடன்டுக்கு பேட்ஜ் தருவாங்களா, இந்த கோர்ஸ் முடிச்சா லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்குமா, இதை நேரா கேளுங்க. அங்க மூணாவது வருஷம் படிக்கற ஒருத்தங்களைப் பிடிச்சு தனியா கேட்டா இன்னும் நல்லது. பேட்ஜ் தராத இடம்னா நான் என் அக்கா பொண்ணை சேர விடமாட்டேன், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. முதல் உலகப் போர் சமயத்துல மேரி கியூரி எக்ஸ்-ரே வண்டிகளை போர்முனைக்கு கொண்டு போனாங்க, அதை ஓட்ட ஆள் இல்லன்னு சுமார் 150 பெண்களுக்கு அவங்களே பயிற்சி கொடுத்தாங்க, 17 வயசு மகள் ஐரீனையும் கூட்டிட்டுப் போனாங்க. அந்த பயிற்சியிலயும் வெறும் மெஷின் இல்ல, மின்சாரமும் உடற்கூறும் சேர்ந்துதான் இருந்துச்சு. காயம்பட்டவன் உடம்புல குண்டு எங்க இருக்குன்னு சர்ஜனுக்கு காட்டணும்னா உடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு தெரியணும்ல.

ஏஐ வந்து வேலை போயிடுமான்னு அவளே கேட்டா. 2016ல ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹிண்டன் இனிமே ரேடியாலஜிஸ்ட்களுக்கு, அதாவது படத்தைப் பாத்து ரிப்போர்ட் எழுதற டாக்டர்களுக்கு, பயிற்சி கொடுக்கறதை நிறுத்திடலாம், சில வருஷத்துல கம்ப்யூட்டரே நல்லா படிச்சிடும்னு சொன்னார், அவர் சாதாரண ஆள் இல்ல, 2024ல நோபல் வாங்கினவர். ஆனா இன்னும் ரேடியாலஜிஸ்ட்கள் படிச்சுக்கிட்டும் வேலை பாத்துக்கிட்டும்தான் இருக்காங்க. அவர் பேசினது படத்தை படிக்கறதைப் பத்தி, நாங்க படத்தை எடுக்கறவங்க. எங்க பக்கமும் மாறுது, சிடில கேமரா பாத்து டேபிளை அதுவே நடுவுல கொண்டு வருது, எம்ஆர்ஐல ஸ்கேன் நேரம் குறையுது, அது எனக்கு சந்தோஷம்தான். அந்த நேரத்தை கூன் விழுந்த பாட்டிக்கு கொடுக்கலாம். கத்துக்கறதை நிறுத்தறவங்களுக்கு கஷ்டம், அது முன்னாடியும் அப்படித்தான், ஃபிலிம் கழுவின இருட்டறை போய் டிஜிட்டல் வந்தப்பவும் என் சீனியர்கள் திரும்ப முதல்ல இருந்து படிச்சாங்க.

கஷ்டம் எதுன்னு கேட்டா, நைட் ஷிஃப்ட், தூக்கித் தூக்கி இடுப்பு வலி, அப்புறம் ஸ்கிரீன்ல படம் வந்த உடனே எனக்கு தெரிஞ்சு போற அந்த நொடி. பெருசா ஒரு கட்டி. டாக்டர் ரிப்போர்ட் எழுதற வரைக்கும் நான் எதுவும் சொல்லக் கூடாது, சொல்ற உரிமையும் எனக்கு இல்ல. கதவைத் திறந்தா அவங்க என் முகத்தைத்தான் பாப்பாங்க, "எல்லாம் நல்லாயிருக்காம்மா?"ன்னு கேப்பாங்க. டாக்டர் பாத்து சொல்லுவார்மான்னு சொல்லிட்டு அவங்க எழுந்திருக்க கை கொடுக்கணும், அந்தக் கையில எந்த அவசரமும் தெரியக்கூடாது. அதை இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. நான் விளக்கம் எதுவும் சொல்லல, அக்காவை செவுத்துல நெஞ்சு ஒட்டி நிக்க வெச்சு, பொண்ணுகிட்ட நீ பொசிஷன் பண்ணுன்னு சொன்னேன். தாடையை மேல தூக்கினா, கையை இடுப்புல வெச்சா, தோளை முன்னாடி தள்ளினா, தள்ளினதுல அக்கா உடம்பு லேசா திரும்பிடுச்சு, அவளே ரெண்டடி பின்னாடி போய் பாத்துட்டு வந்து இடது தோளை சரி பண்ணினா. நான் அதை சொல்லித் தரவே இல்ல. அப்புறம் கதவுக்குப் பின்னாடி போய் நின்னு, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா, அசையாதீங்க"ன்னு சத்தமா சொன்னா. சொல்லிட்டு என்னைப் பாத்து, "சித்தி, படம் சரியா வந்திருக்குமா, தோள் இன்னும் கொஞ்சம் உருட்டியிருக்கணுமா"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கறா. முதல் வாரம் போஸ்டிங் வர்ற எல்லா ஸ்டூடன்டும் மறக்கறதை அவளும் மறந்துட்டா. அக்கா செவுத்தைப் பாத்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினாங்க, அப்பதான் அவ ஓடிப் போய், "விடுங்கம்மா, மூச்சை விட்டுடுங்க"ன்னு சொன்னா.